நூறு டோஸ்

குப்பி ஒன்றுக்கு நூறு ஊசி.
உடைத்துக் கலக்கினால் இரண்டு மணி நேரம்,
அதற்கப்புறம் அது வெறும் தண்ணீர்
என்றார் மூலைக்கரைப்பட்டி மருந்தகத்துக் கம்பவுண்டர்.
பாதிக் குப்பி உடைக்க முடியாதாம்.

ஆறு வருசமாக ஆற்றுப் பக்கம்
கிடை போடப் போகவில்லை நாங்கள்.
போகிற தடமெல்லாம் கம்பிவேலி,
வேலிக்குள் சோலார் தகடுகள்
வெயிலைக் குடித்தபடி சாய்ந்திருக்கின்றன.
ஒரே பட்டி. ஒரே குளம். ஒரே தரை.
ஆடு நடக்காவிட்டால்
அதன் வயிற்றில் புழு நடக்கிறது.
கோலிக்குண்டாக உருளவேண்டிய புழுக்கை
களியாகக் காலில் ஒட்டுகிறது.

ஐப்பசி அடைமழையில் ஒன்றுக்கு மூக்கு ஒழுகிற்று.
மறுநாள் வாயோரம்
தவிடு தூவினாற்போல் புண்.
கண்ணில் பீளை. பிறகு கழிச்சல்.
மருந்துக்கடையில் எல்லா நோவுக்கும் ஒரே பாட்டில்;
கடன் சொன்னால் அதிலும் பாதி.
மூன்று குழி வெட்டினேன்.
மூன்றாவதில் சினையாடு,
குழியை அகலமாக்க வேண்டியிருந்தது.

டாக்டரம்மாவுக்கு நாலு ஊர் பொறுப்பு.
"ஆட்டுக்கொல்லி மாதிரித்தான் இருக்கு, பிரம்மசக்தி.
நோவு கண்டதைத் தனியாகக் கட்டு.
நூறு சேர்த்து வை, வெள்ளிக்கிழமை விடிய வாரேன்.
கரண்ட் போகாமல் இருந்தால்."

என்னிடம் ஐம்பத்தெட்டு.
தனியே கட்டிய இரண்டு போக ஐம்பத்தாறு.
மிச்ச நாற்பத்து நாலு
ஓடைக்கு அந்தப் பக்கம்,
ஊய்க்காட்டான் பட்டியில்.

மூன்று வருசம் பேச்சில்லை.
என் ஆட்டிலிருந்துதான் அம்மை வந்ததென்றான்,
இருபத்திரண்டைப் புதைத்த கையோடு.
இல்லவே இல்லை என்றேன், ஊர் நடுவில் நின்று.
வந்ததுதான்.
கொப்புளம் கண்ட கிடாவைச்
சாக்குப் படுதாவுக்குப் பின்னால் நான்தான் மறைத்திருந்தேன்,
வியாபாரி வரும்வரை.

செருப்பைக் கழுவி, சேலை மாற்றி,
அவன் படலுக்குப் பத்தடி முன்னால் நின்றேன்.
"என் பட்டியில் நோவு இருக்கு.
இந்தத் தடவை முதலிலேயே சொல்லுதேன்.
போன தடவையும் இருந்துச்சு."

அவன் நாய்தான் குரைத்தது.

வெள்ளிக்கிழமை கரண்ட் போகவில்லை.
ஐஸ் டப்பாவைப் பிள்ளையைப்போல்
மடியில் வைத்து வண்டியில் வந்தாள் டாக்டரம்மா.
ஓடைக்கு அந்தப் பக்கம்
நாற்பத்து மூன்று ஆடு நின்றது.
"நோவு இல்லாத பட்டிக்குத்தான் முதலில்" என்று
பாவாடை நனைய இறங்கிப் போனாள்.
அவன் பிடித்துக் கொடுத்தான். அப்புறம் என்னுடையவை;
என் ஆட்டை நானே பிடித்தேன்.
காது பிடித்தால் கால் உதைக்கிறது,
கால் பிடித்தால் கொம்பு.

தொண்ணூற்றொன்பது.
சிரிஞ்சைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார் கம்பவுண்டர்.
ஒன்று மிச்சம், கொட்டிவிடவா?

அக்கரையில் ஊய்க்காட்டான்
தலையைச் சொறிந்தான், வீட்டுக்குள் போனான்,
கழுத்தில் மஞ்சள் துணி கட்டிய கிடாவை
இழுத்துக்கொண்டு வந்தான்.
சுடலைக்கு நேர்ந்துவிட்டது.
சாமிக்கென்று விட்டதை எண்ணக் கூடாதாம்,
நோவும் அண்டாதாம்.
"ஊசியை மாத்திப் போடுங்க" என்றான், இந்தப் பக்கம் பாராமல்.

மருந்து பிடிக்கப் பதினாலு நாள்.
இன்று ஒன்பது.
கட்டியிருந்த இரண்டில் ஒன்று போய்விட்டது,
ஒன்று கருவேலங்காய் தின்கிறது.

காலையில் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து
"புதுசா எதுவும் தும்முதா?" என்று கேட்டான்.
இல்லை என்றேன்.
ஒவ்வொன்றாய்ப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.