எழுபத்து மூன்றாம் கண்ணாடி

தாலின் நகரம், பிப்ரவரி. மைக்கூடு உறைகிற குளிர்.
நாளிதழ்க் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில்
வடக்குச் சன்னலோரம் என் மேசை.
எஸ்தோனியாவின் அழகியைத் தேர்ந்தெடுக்கப் போகிறோமாம்.
நாட்டுக்கே இப்போதுதான் பதினோரு வயது,
பரு வருவதற்குள் முகம் வேண்டுமாம் அதற்கு.

எங்கள் படக்காரர் ஊர் ஊராய் ரயிலில் போய்
நூற்றுப் பன்னிரண்டு பெண்களைக் கொண்டுவந்தார்,
வைக்கோல் திணித்த பெட்டியில், கண்ணாடித் தகடுகளாக.
நெகடிவில் எல்லாரும் தலைகீழ்:
கன்னம் கரி, கறுத்த கூந்தல் பால்,
பல் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு.
அந்த இருட்டோடுதான் எனக்குப் பேச்சுவார்த்தை.

ஊசியாய்ச் சீவிய பென்சில். ஒரு பூதக்கண்ணாடி.
அம்மைத் தழும்புக்கு இருபது நிமிஷம்.
ஆசிரியர் ரைந்தால் ஒரே சட்டம்தான் போட்டார்:
"மூக்கைத் தொடாதே, அது கடவுள் வேலை.
மற்றதெல்லாம் உன் வேலை."
வில்யாந்தி பள்ளிக்கூடத்து ஆசிரியைக்கு
மூன்று ராத்திரித் தூக்கம் கொடுத்தேன்.
அவளுக்குத் தெரியாது. நன்றி வரவில்லை.

எழுபத்து மூன்றாவது, ஆல்வீனே கூஸ்மெட்ஸ், இருபது,
பால்டிஸ்கி துறைமுகம், மீன் டின் அடைக்கும் வேலை.
இடது புருவத்திலிருந்து காது வரை
ஒரு கோடு. தகரம் கிழித்தது.
தைத்தவன் அவசரக்காரன் போல,
ஒரு தையலைக் கூடுதலாக இழுத்து
அந்தக் கண்ணை எப்போதும் எதையோ
நம்ப மறுக்கிற கண்ணாக விட்டிருந்தான்.

நான்கு மணி நேரம்.
அப்புறம் அவள் எல்லாவற்றையும் நம்பினாள்.

வெள்ளிக்கிழமை அச்சேறினாள். படத்துக்குக் கீழே கூப்பன்.
கத்தரித்து அனுப்பியவர்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
தீவிலிருந்து ஒரு கலங்கரை விளக்கக் காவல்காரன்
ஒரே உறையில் நாற்பது ஓட்டு வைத்திருந்தான்,
நாற்பது நாளிதழுக்கு அவனுக்கு ஏது காசு?
சந்தையில் அவள் முகத்தில்தான்
மீனைச் சுற்றிக் கொடுத்தார்கள்.

இறுதிச் சுற்று. கொட்டகை முழுக்க
நனைந்த நாய் வாசமடிக்கும் கம்பளிக் கோட்டுகள்.
நடுவர்கள்: ஒரு சிற்பி, ஒரு பல் வைத்தியர், ஓய்ந்த கர்னல்,
தோல் வியாபாரி, தோல் வியாபாரியின் மனைவி.
பெயர் கூப்பிட்டார்கள். வந்தாள்.
கர்னல் நாளிதழைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.
மறுபடி நாளிதழை.
மேடையிலேயே அடையாளச் சீட்டு கேட்டார்கள்.

நான் தூணுக்குப் பின்னால்,
விரல் நுனிக் கரியைக் கைக்குட்டையில் துடைத்தபடி,
பால் குடித்த பூனை வாய் துடைக்கிற மாதிரி.

அவள் அழவில்லை. சீட்டை நீட்டினாள்.
அதில் தழும்பு இருந்தது,
போலீஸ் படத்துக்கு யாரும் பென்சில் சீவுவதில்லை.
பிறகு கர்னல் கையிலிருந்து நாளிதழை வாங்கி
விளக்குப் பக்கம் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்,
கப்பலேறிப் போன தங்கையைப் பார்ப்பது போல.
"இவள் நன்றாக இருக்கிறாள்," என்றாள்.
"இவளுக்கே கொடுங்கள்."

கூட்டம் சிரித்தது. எதற்கென்று தெரியாமல் நானும்.

கிரீடம் தார்த்து மருந்துக்கடைக்காரர் மகளுக்கு.
(மூக்கு, கடவுள் வேலை. மிச்சத்துக்கு எனக்கு ஒரு மணி நேரம்.)

கோட்டு வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள்.
கழுத்துப்பட்டையில் புகையும் கடுகு எண்ணெயும்.
சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.
"உங்கள் ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவைத்தேன்.
"போய்விட்டது," என்றாள்,
அந்தக் கண்ணால் என்னைப் பார்த்து.

தகடு இன்னும் என் இழுப்பறையில்தான்.
டர்பன்டைன் தொட்ட பஞ்சால் ஒரு தரம் அழுத்தினால்
என் நான்கு மணி நேரமும் வழிந்து போய்விடும்.
இரண்டு முறை பஞ்சை நனைத்தேன்.
இரண்டு முறையும் அது காய்ந்துவிட்டது.