மூன்றடி

கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதியது ஒரே சொல்:
நடக்கவும்.
அடியில் கோடும் கிழித்திருந்தார்.
எங்கே என்று எழுதவில்லை.

முப்பத்தொரு வருஷம் அளவுநாடா பிடித்தவன் நான்.
கல்முனைப் பக்கத்தில் தார் விழுந்த ஒழுங்கைகள் பலவற்றின்
கோப்புகளில் என் கையெழுத்துக் கிடக்கும்.
ஜீப்பில் போவேன், இறங்குவேன்,
நாடாவின் ஒரு நுனியைப் பிடிப்பேன்,
ஏறிவிடுவேன்.
ஒரு வீதியையும் நடந்து பார்த்ததில்லை.

அறுபத்தாறில் முதல் நாள்.
மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய சப்பாத்து
படலை தாண்டியதுமே கடித்தது.
கோழிக்கடை வாசலில் மோட்டார்சைக்கிள்.
ஹாட்வெயார்காரரின் சீமெந்துப் பைகள்.
யாரோ கட்டாமல் விட்ட மதிலுக்கான மணல்.
பிறகு வடிகான், வாய் திறந்தபடி.
ஒவ்வொன்றையும் சுற்ற வீதிக்கு இறங்கவேண்டும்,
இறங்கினால்
அக்கரைப்பற்று பஸ்ஸின் ஹோர்ன்
முதுகில் கைவைத்துத் தள்ளும்.
எண்ணூறு மீற்றரில் பதினாலு தரம் இறங்கி ஏறினேன்.
எண்ணியது நானில்லை, முழங்கால்.

செவ்வாயும் வியாழனும்
சுகாதார நிலையத்துக்குப் பின்னால் புல்லுத்தரையில்
பத்தொன்பது பேர் கூடுவோம்.
பிசியோதெரபி படித்த நிரோஜினி
எங்களை ஒற்றைக் காலில் நிறுத்துவாள்,
பத்து எண்ணும்மட்டும்.
எண்ணுவது உதுமாலெவ்வை.
அவர் கணக்கில் ஏழுக்குப் பிறகு நேரே பத்து.
யாரும் திருத்தினதில்லை.
மீன் ஏலம் கூறின சாமித்தம்பிக்கு
வலக்கை தோளுக்கு மேலே போகாது,
குரல் மட்டும் போகும், கடல்வரைக்கும்.

ஒருநாள் ஜெசீமா சொன்னார்:
"நடக்கத்தான் இஞ்ச வாறன்,
வாறதுக்கு ஒட்டோவுக்கு முந்நூறு ரூவா குடுக்கன்."
எல்லாரும் சிரித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுனாமிக்குப் பிறகு இந்த வீதியைத் திரும்பப் போட்டபோது
வரைபடத்தில் நடைபாதை இருந்தது,
இரண்டு பக்கமும் மூன்றடி.
வாகனம் கூடும், அகலம் காணாது என்று
சிவப்புப் பேனையால் வெட்டியது நான்.
மேசையில் தேத்தண்ணி ஆறமுதல் முடிந்த வேலை.
அப்போது நாற்பத்தெட்டு வயசு.
முதுகுக்குக் காது முளைக்காத காலம்.

அடுத்த வியாழன் சொல்லிவிட்டேன்,
ஒற்றைக் காலில் நிற்கும்போதே.
நாலைந்து பேர் தடுமாறிக் காலை ஊன்றினார்கள்.
ஜெசீமா என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கடைசியில் மங்களேஸ்வரி ரீச்சர் கேட்டா:
"அந்தச் சிவப்புப் பேனை இன்னும் எழுதுமா?"

மறுகா என்ன,
பத்தொன்பது பேரும் வீதியில் இறங்கினோம்.
நாடாவின் ஒரு நுனியை நான் பிடிக்க
மற்ற நுனியை ரீச்சர் பிடித்தா.
இறங்கவைக்கிற இடமெல்லாம்
சுண்ணாம்பால் வட்டம் போட்டோம்.
பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது.
ஒருவரும் ஒதுங்கவில்லை.
அது முதல்முறையாக எங்கள் வேகத்தில் வந்தது,
முழு ஊரையும் ஏற்றிக்கொண்டு, முனகி முனகி.

சீமெந்துப் பைகள் அன்றைக்கே உள்ளே போயின.
சாமித்தம்பி கடைக்கு முன்னால் நின்று
அவற்றை ஏலம் கூறத் தொடங்கியிருந்தார்.
மாநகரசபைக்கு ஐந்து கடிதம்.
கடிதம் வாங்கின பெடியன்
நான் வேலை பழக்கியவன். கண்ணைப் பார்க்கவில்லை.
மாரிக்கு முதல் ஆறு இடத்தில் கொங்கிறீட் மூடி விழுந்தது.
ஒன்று கொஞ்சம் ஆடும்.
மிச்சத்துக்குக் காசு வரவேண்டுமாம்.

இன்றைக்கு ஜெசீமா நடந்து வந்தார்.
இருபது நிமிஷம் பிந்தி,
செருப்பெல்லாம் சேறு.
யாரும் கைதட்டவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.
மூச்சு வாங்க வந்து வரிசையில் நின்று
ஒரு காலைத் தூக்கினார்.

உதுமாலெவ்வை எண்ணினார்.
ஐந்து. ஆறு. ஏழு.
கொஞ்சம் நிறுத்தினார்,
எங்களைப் பார்த்தார்,
எட்டு என்றார்.