பதினோராவது விளக்கு

முக்காலி என்றதும் அம்மா
உட்காரத்தான் வந்தாள்.
"இதில் உட்கார்ந்தால்
இரண்டாயிரத்து நானூறு ரிங்கிட் உடையும்"
என்று பாய்ந்து பிடித்தான் நவீந்திரன்.
கார்பன் இழை. ஒரு விரலில் தூக்கலாம்.
பன்னிரண்டு மாதத் தவணையைத் தூக்கத்தான்
இரண்டு கையும் வேண்டும்.

என்னுடையது அலுமினியம்.
லோரோங் கூலிட் பழைய சந்தையில்
நாற்பத்தைந்துக்குப் பேசி முடித்தது.
ஒரு காலில் பூட்டு பிடிக்காது,
ரப்பர் வளையம் போட்டிருக்கிறேன்.

ஹஸ்னிசா கொண்டுவந்தது மரம்.
நில அளவை அலுவலகத்தின் மஞ்சள் கால்கள்;
எத்தனையோ வேலித் தகராறுகளில்
யார் பக்கமும் சாயாமல் நின்றவை.

எந்தக் காலில் நின்றால் படம் கூர்மை?

இருபது சென் நாணயத்தால் தட்டிப் பார்த்தோம்.
அலுமினியம் 'ணங்' என்றது,
சொன்னதையே கொஞ்ச நேரம்
சொல்லிக்கொண்டும் இருந்தது.
கார்பன் 'டொக்'. அவ்வளவுதான்.
மரம், காதில் விழாதது போல இருந்தது.
"இங்கேயே முடிந்துவிட்டது" என்றான் நவீந்திரன்.
"என்னுடையது நடுக்கத்தை விழுங்கும்.
உன்னுடையது ஊர் முழுக்கச் சொல்லும்."

எனக்கு முடியவில்லை.
நோன்பு மாதத்து வியாழக்கிழமை
பத்து மவுங் போனோம்.
படகுத்துறைப் பலகைகள் மேல்
மாற்றி மாற்றி மூன்றையும் நிறுத்தினோம்.
ஒரே கேமரா, ஒரே லென்ஸ், நாலு விநாடி,
நடுத்தண்டை உயர்த்தவில்லை,
விரல் படாமல் இருக்க டைமர்.
எதிரே இரண்டாம் பாலம்;
இடமிருந்து பதினோராவது விளக்கு குறி.
நவீந்திரன் நோட்டில் கட்டம் போட்டான்:
பொருள், எடை, காற்று, கூர்மை.

முதல் சுற்றைப் பெரிதாக்கிப் பார்த்தோம்.
அலுமினியத்தில் விளக்கு, புழு.
கார்பனில் அரிசி.
மரத்திலும் அரிசிதான், கொஞ்சம் நொய்.
நவீந்திரன் லென்ஸைத் துடைத்தான்.
ஹஸ்னிசா கால் திருகுகளை இறுக்கினாள்.
எங்கள் முதுகுக்குப் பின்னால்
பனிக்கட்டிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு
ஆட்கள் படகுக்கும் லாரிக்குமாக நடந்தார்கள்.
பலகை பலகையாக அது வந்ததை
என் உள்ளங்கால் கேட்டது.
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

பிறகு, ஏழரை தாண்டி,
சூராவிலிருந்து பாங்கு.

பெட்டிகள் இருந்த இடத்திலேயே நின்றன.
ஆட்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள்.
ஹஸ்னிசா மரக்காலை விட்டுவிட்டு
தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள்.
யாரோ நீட்டிய பேரீச்சம்பழத்துக்காக
நவீந்திரனும் சம்மணம் போட்டான்.
அலுமினியத்தின் முறை.
பொத்தானை அழுத்திவிட்டு
நானும் உட்கார்ந்தேன்.

நாலு விநாடி.
முழுத் துறையும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தது.

திரையில் பதினோராவது விளக்கு
விளக்காக இருந்தது.
கம்பம் வேறு, கம்பத்தின் கழுத்து வேறு,
பின்னால் வானத்தின் கடைசி நீலம் வேறு.
நாற்பத்தைந்து ரிங்கிட், ஒரு ரப்பர் வளையம்.

நவீந்திரன் வெகுநேரம் பார்த்தான்.
கொட்டையைத் துப்பிவிட்டு
'காற்று: இல்லை' என்று எழுதினான்.
காற்று இருந்தது.
ஹஸ்னிசாவின் தலைத்துணி அடித்துக்கொண்டிருந்தது.
அந்த நாலு விநாடியில் அவன் கார்பனும்
இப்படித்தான் எடுத்திருக்கும், இல்லை
இன்னும் நன்றாகவே எடுத்திருக்கும்.
அவனுக்கு இன்னும் பத்துத் தவணை பாக்கி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் எழுந்தார்கள்.
பெட்டி நகர்ந்தது. விளக்கு மறுபடி புழு.

அந்தப் படத்தையும் நான் அழிக்கவில்லை.
மூன்று இடத்தில் நெளிந்து
ஓர் இடத்தில் நின்று
மறுபடி நெளிகிறது அந்த வெளிச்சம்:
ஒரு மனிதர் பாரத்தோடு நடந்து,
கை மாற்றிக்கொண்டு,
மறுபடி நடந்த நடை.

பெட்டியில் என்ன மீன்
என்று கேட்டிருக்கலாம்.