நாலு துளை

தார்த்துவில் ஜனவரி.
எட்டு மணிக்கும் விடியாத காலை.
பனி வழிக்கும் வண்டியை
மருத்துவமனை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு
நாயைக் கைக்குழந்தையாய் ஏந்தி வந்தார் வெல்லோ.
வண்டி முகட்டில் எச்சரிக்கை விளக்கு
சுழன்றுகொண்டே இருந்தது, அணைக்க மறந்திருந்தார்.
சுவர் மஞ்சள், தரை மஞ்சள், என் கை மஞ்சள்.
முஸ்டியின் ஈறு மட்டும்
விளக்கு திரும்பிப் போன பிறகும் மஞ்சள்.

மூன்று நாளாய்ச் சாப்பிடவில்லை.
குடித்த தண்ணீரும் நுரையாய்த் திரும்பியது.
ஸ்கேன் திரையில் பித்தப்பை
குறுக்கே வெட்டிய கிவிப்பழம்.
“அழகா இருக்கே.”
“அழகுதான்” என்றார் டாக்டர் ஐலி.
“பித்தநீர் கோந்தாகிவிட்டது. பொறுத்தால் வெடிக்கும்.”

ஒப்புதல் தாளில்
‘தேவைப்பட்டால் வயிற்றை முழுதாய்த் திறக்க’
என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது.
சட்டென்று சட்டையைத் தூக்கினார்.
தொப்புளில் ஒன்று, நெஞ்சுக்குழியில் ஒன்று,
வலது விலாவோரம் இரண்டு.
வெளுத்த தழும்புகள்.
“எனக்கும் எடுத்தாச்சு. இப்படித்தானே?”
“இப்படித்தான். வயிறுதான் கொஞ்சம் சின்னது.”
கையெழுத்துப் போட்டார்.

என் வேலை மூச்சை எண்ணுவது.
ரோமத்தை மழித்ததும்
கறுப்பு நாய்க்குள்ளிருந்து
ரோஜா நிறமாய் வந்திருக்க வேண்டிய தோல்
பழுத்த எலுமிச்சையாய் வந்தது.
வாயு செலுத்தி வயிற்றைக் கூடாரமாய் எழுப்பினோம்.
சாவித்துவாரம் என்று சொல்கிறோம்.
சாவித்துவாரத்தில் கண் வைப்பவன் ஒளிந்து பார்ப்பான்.
நாங்கள் மூன்று பேர் விளக்குப் போட்டுக்கொண்டு
கூச்சமே இல்லாமல் பார்த்தோம்:
மழையில் நனைந்த ஈரல் மடல்கள்,
நடுவே, தொடாதே என்று விறைத்து நிற்கும்
கரும்பச்சைப் பை.

அப்போது எண்ணிக்கை சறுக்கியது.
எண்பது. அறுபத்தைந்து.
நாற்பத்திரண்டு.
“காற்றை இறக்குங்க” என்றேன்.
ஐலி ஏன் என்று கேட்கவில்லை.
கூடாரம் தாழ்ந்தது. ஊசி ஏற்றினேன்.
அந்த அமைதியில்
வெளியே தார்மேல் இரும்பு உரசும் சத்தம் கேட்டது,
போய், திரும்பி, மறுபடி போய்.

எழுபது.
எழுபத்தெட்டு.
“ம்” என்றேன்.
மறுபடி காற்று. இம்முறை குறைவாய், மெதுவாய்.

நாளத்தில் கிளிப், பக்கத்தில் இன்னொன்று,
நடுவே ஒரு வெட்டு.
ஈரலிலிருந்து தோலுரிப்பதுபோல் பிரித்து
பைக்குள் பையைப் போட்டு
தொப்புள் வழி வெளியே இழுத்தார்.
கிண்ணத்தில் விழுந்த பிறகுதான் அது கிழிந்தது.
கறுப்பு ஜெல்லி. ஒரு ஸ்பூன் நிற்கும் கெட்டி.
ஐலி முகமூடிக்குள் ஏதோ கெட்டவார்த்தை சொன்னார்,
நன்றி சொல்வதுபோல.

சொல்லலாம் என்று வெளியே போனேன்.
எங்கள் வாகன நிறுத்தத்தில் ஒரு பொட்டுப் பனியில்லை.
எதிர்வீட்டு வாசலில் இல்லை.
தெருவை மூன்று முறை வழித்திருந்தார்,
அது அவருடைய வட்டாரமே இல்லையாம்.
இறங்கி வந்தார். கால் நடுங்கியது.
“எனக்கு எடுத்தப்போ
யாருக்குத் தகவல் சொல்லணும்னு கேட்டாங்க.
பெயர் முஸ்டின்னு எழுதினேன்.
உறவுங்கிற இடத்தில் என்ன எழுதுறதுன்னு தெரியல.
கோடு போட்டேன்.”

பித்தப்பையை எடுத்துவிடலாம்.
பித்து எங்கே இருக்கிறதென்று
எந்தக் கேமராவும் இதுவரை காட்டவில்லை.

பத்தாம் நாள் தையல் பிரிக்க வந்தார்கள்.
கொழுப்பில்லாத வான்கோழிக்கறி,
ஒரு நாளைக்கு நாலு வேளை, இருவருக்கும் அதே.
“எனக்கு உப்பு மட்டும் கூட” என்றார்.
மழித்த வயிற்றில் நாலு புள்ளி,
ரோமம் முள்ளாய்த் துளிர்க்கிறது.

வாசலில், அவரே குவித்த பனிமேட்டருகே
முஸ்டி நின்றது, மோந்தது,
யோசித்தது,
காலைத் தூக்கியது.

வெள்ளைமேல் விழுந்த
அந்த மஞ்சளைப் பார்த்து
நாங்கள் மூன்று பேரும்
சும்மா நின்றோம்.