கடைசி அரைக் கியூப்

முப்பத்தைந்து பாகையில்
காய்ந்த மணல் கிளம்பிவிடும்.
ஈர மணல் என்ன செய்யும் என்று
எந்த அட்டவணையும் உறுதியாகச் சொல்லவில்லை.

ஆமர் வீதிப் பட்டறையின் மாடியில்
மேசை விளக்கைக் கடதாசிக்குக் கிட்ட இழுத்து
மூன்றாம் முறை வரைகிறேன் அந்தப் பெட்டியை.
பின்னால் பிணைச்சல்,
முன்னால் ஐந்தடுக்கு ஜக்,
நடுவே சிறு வட்டம், அதற்குள் ஒரு கூட்டல் குறி:
நாலு கியூப், பத்தொன்பது தொன்,
முழுப் பாரமும் இந்தப் புள்ளியில் நிற்பதாக
நாங்கள் ஒத்துக்கொள்வோம்.
பாரம் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை.

பேலியகொடை யார்டில் பழைய ட்ரெய்லர் எழுந்ததை
ஃபலீல் நானா கையால் காட்டினார்.
மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை மெல்ல மேலே வர,
விரல் நுனி மட்டும் மடங்கியபடி.
"இந்தா, இவ்வளவுதான் தங்கச்சி, இது இறங்காது.
கடைசி அரைக் கியூப்.
முன் மூலையில அப்பிக்கொண்டு நிக்கும்.
கீழ எல்லாம் போயிட்டு, பாரம் உச்சியில.
அந்த நேரம் ஒரு பக்கச் சில்லு
ரெண்டு விரல் புதைஞ்சாலும் போதும்."
அதனால்தான் கிளீனர் யூஜின்
அலவாங்கோடு உள்ளே ஏறினான்.
எப்போதும் ஏறுகிறவன்தான்.
மூன்றாவது குத்தில் மணல் வந்தது,
அவனையும் கொண்டு.
அதை நானா கையால் காட்டவில்லை.
கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரியில்
யூஜினின் காலுக்குள் இரண்டு கம்பிகள்.
கட்டிலின் பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழுகிறது.
"மிஸ், இதையும் நீங்களா கீறினது?" என்கிறான்.
"துணி விரிச்சா ஒட்டிக்கொண்டு கிடக்கிறன்.
நேற்று றெக்சீன் விரிப்புப் போட்டவை,
பாதி எழும்ப முன்னமே கால்மாட்டில நான்."
சிரிக்கும்போது நோகிறது அவனுக்கு.
வாட்டை விட்டு வெளியே வந்து
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன்:
விரிப்பு.

நாலாம் முறை.
தரையில் வழுக்கும் பிளாஸ்டிக் தகடு.
மூலை என்று ஒன்றே கிடையாது,
அடியும் சுவரும் ஒன்றுக்குள் ஒன்று வளைந்து போக.
முன்பக்கத்தை விடப் பின்பக்கம் நாலு அங்குலம் அகலம்,
போகப் போக மணலுக்கு இடம் கூடுகிற மாதிரி.
வெல்டர் சுமணதாச மூன்று தரம் அளந்துவிட்டு
படியேறி வந்தார்.
"மிஸ், பெட்டி கோணல்."
கோணல்தான்.
முதலாளிக்குக் கோணல் பிரச்சினையில்லை,
வளைவுக்குத்தான் காசு.
பிறகு கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்டார்:
"ஏணி எங்கே?"
ஏறுவதற்கு உள்ளே ஒன்றும் மிஞ்சாது என்றேன்.
குரலில் இருந்த நிச்சயம் கணக்கில் இருக்கவில்லை.

மட்டக்குளியில் சோதித்தோம்.
இரவெல்லாம் மழை.
வேண்டுமென்றே நனைந்த மணலைத்தான் ஏற்றச் சொன்னேன்.
இருபது. முப்பது. ஒன்றுமில்லை.
நாற்பதில் ஜக்கின் மூன்றாம் அடுக்கு வெளியே வந்தது,
எண்ணெய் மினுங்க.
நாற்பத்திரண்டில்
நானா பழக்கத்தில் அலவாங்கை எடுத்துவிட்டார்.
நாற்பத்து நாலில்
பெரிய மாடு ஒன்று படுக்கையை விட்டு எழும்புகிற மாதிரி
ஒரு சத்தம்,
பிறகு எல்லாம்.
உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒரு சோற்றுக் கோப்பை அளவு மணல்.
நானா அலவாங்கை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் நின்றார்.

மூன்று கிழமை கழித்து
களனிப் பாலத்து நெரிசலில்
என் பஸ்ஸுக்கு முன்னால் அதே பெட்டி.
நீல நிறம் அடித்திருந்தார்கள், அழகாகத்தான் இருந்தது.
முன்சுவரில் புதிதாய் ஐந்து கம்பிப் படிகள்.
ஒரு அடிக்கு ஒன்று, பிசகாத இடைவெளி,
சுத்தமான ஒட்டு.
சுமணதாசவின் கை.

மேல் படியில் மட்டும்
பெயின்ட் தேய்ந்திருந்தது.