படிதல்

பெர்கனில் மழை இன்றும் தன் விலையைக் குறைக்கவில்லை.
அறையைக் காலிசெய்யச் சொல்லிப் பல்கலைக்கழகம்
மூன்றாவது கடிதம் அனுப்பிவிட்டது.
முதல் இரண்டுக்கும் நான் பதில் போடவில்லை.
பொறுத்திருப்பவன் பக்கமே தராசு சாயும் என்று
முப்பத்தாறு வருஷம் வகுப்பெடுத்தவன் நான்.

கரும்பலகையில் எப்போதும் ஒரே உதாரணம்தான்:
இரண்டு பேர், நடுவே ஒரு பெட்டி மீன்.
ஒருவர் பங்கு சொல்ல, மற்றவர் தலையாட்ட வேண்டும்.
ஆட்டாவிட்டால் ஒரு நாள் போகும், மீன் கொஞ்சம் நாறும்,
மறுநாள் பங்கு சொல்வது மற்றவர் முறை.
நாறப்போவது இருவருக்கும் தெரியும் என்பதால்
புத்தியுள்ளவர்களுக்குள் பேரம்
முதல் நாளே, முதல் வார்த்தையிலேயே படிந்துவிடும்.
அப்படித்தான் நிரூபித்தோம்
சூல்ஃப்ரித் ஓர்தாலும் நானும், எண்பத்தேழில்,
இருபத்திரண்டு பக்கத்தில், ஒரு பிழையும் இல்லாமல்.

பிறகு இரண்டாவது கட்டுரை:
அப்படியானால் உலகத்தில் மீன் ஏன் நாறுகிறது?
நான்கு மாதம் நீளும் கப்பல்துறை வேலைநிறுத்தம்,
பாகம் பிரியாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள்.
எதிராளியின் மனசில் உள்ள கடைசி எண்
தெரியாததால் காத்திருக்கிறோம்.
காத்திருப்பதும் ஒரு பேச்சு,
வாய் திறக்காமல் சொல்வது: என்னால் இன்னும் முடியும்.
இந்த வரி அவளுடையது.
சமன்பாடு என்னுடையது.

எல்லாம் முடிந்து மிஞ்சியது பெயர் வரிசை.

எங்கள் அகரவரிசையில் அவள் எழுத்துதான் கடைசி,
ஏ-யின் தலைமேல் ஒரு சின்ன வளையம்.
இங்கே அச்சானால் வீக், ஓர்தால்.
கடல் தாண்டினால் வளையத்தைக் கழற்றிவிடுவார்கள்,
வெறும் ஏ, அவள் முதல்.
போன தடவை நீதானே முன்னால், இது என் முறை என்றேன்.
முறை நம் மாதிரியில்தான் இருக்கிறது,
எழுத்துகளுக்குக் கிடையாது என்றாள்.

தொண்ணூற்றொன்று நவம்பரில்
பழுப்பு உறையில் கைப்பிரதி திரும்பி வந்தது.
மறுப்புதான், வேறென்ன.
பிரித்துப் பார்ப்பவன் அவசரக்காரன்.
இழுபறியை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

ஏழு வருஷம் கழித்து லிஸ்பனில் ஒரு பையன்
அதையே பதினொரு பக்கத்தில் எழுதி வேலை வாங்கினான்.
நல்ல கட்டுரை. மூன்றாவது படியில் மட்டும்
அவளுடைய லாவகம் இல்லை.
அதை அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.
கான்டீனில் நான்கு மேசை தள்ளி
சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

இன்று உறையைப் பிரித்தேன்.
தூசி நன்றாகப் படிந்திருந்தது.
முதல் பக்கம், தட்டச்சில் எங்கள் பெயர்கள்,
அவளுடையது மேலே, வளையம் இல்லாமல்.
அந்த ஏ-யின் தலையில் கையால் ஒரு வட்டம்.
மற்றபடி ஒரு வார்த்தை இல்லை.

காபிச் சொட்டாகவும் இருக்கலாம்.
ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன்.
ரப்பரால் ஓரத்தைத் தேய்த்தேன்.
அழிந்தது. பென்சில்தான்.
கால்வட்டம் போயிற்று.

முப்பத்து மூன்று வருஷமாக
என் காலடி இழுப்பறையில் கிடந்திருக்கிறது
அவள் சொன்ன பங்கு.

வோஸ் பக்கம் மகளோடு இருப்பதாகக் கேள்வி.
எண் அலுவலகத்தில் கிடைத்தது.
எங்கள் தேற்றப்படி
முதலில் வாய் திறப்பவருக்குக் கொஞ்சம் லாபம் கூட.
டயல் செய்து முடித்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

ஆறாவது மணிக்கு எடுத்தாள்.
பின்னால் நாய் குரைக்கிறது,
யாரோ இயந்திரம் வைத்து மரம் அறுக்கிறார்கள்.
யார் என்கிறாள்.
"ஓர்தால், வீக்" என்கிறேன்,
அந்த வரிசையில்.

"யாரு? சத்தமாச் சொல்லு" என்கிறாள்,
"ஒண்ணும் கேக்கலை."