ஒரே ப

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
பதினொரு மாடி எழும்புகிறது.
வாசலில் புதுக் காவலாளி, பொடியன்,
தொப்பி காதுவரை இறங்கிக் கிடக்கிறது.
"பாஸ்?" என்று கை நீட்டினான்.
"ஓம், பாஸ்தான்" என்றேன்,
சீமெந்து காய்ந்த விரல்களைக் காட்டி.
அவன் சிரிக்கவில்லை.

சிங்களத்தில் மேசனைக் கூப்பிடும் சொல் வேறு,
கழுத்தில் தொங்கும் மட்டை வேறு.
ஒன்று தொண்டையில் அதிர்ந்து தொடங்கும்,
மற்றது உதட்டில் வெடிக்கும்.
தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே ப.
லோகிதன் வரவுப் புத்தகத்தில் எழுதினான்:
இன்று பாஸ் இல்லாமல் இரண்டு பேர்.
கந்தோரில் அதை வாசித்த அம்மணி
மேசன் குறைகிறதென்று
நீர்கொழும்பிலிருந்து இரண்டு பேரை இறக்கிவிட்டாள்.
இப்போது எங்களுக்குக்
கரண்டி குறைகிறது.

ஒன்பதாம் தட்டுக்கு இன்னும் லிப்ட் இல்லை.
மூன்று படிக்கு ஒருவராய் நின்று
கல் ஏற்றுகிறோம்.
பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு.
யாரிடமும் கல் நிற்கக் கூடாது.
நின்றால்
கீழே இருக்கிறவனுக்குக் கை கனக்கும்.

ரியால் ஹாஜியார் தந்த செக்
வெள்ளி வந்தும் பாஸ் ஆகவில்லை.
களுபோவில ஆஸ்பத்திரியில் சின்ன டொக்டர்
என்னைவிடக் கூச்சப்பட்டுக் கேட்டார்,
"ஐயா, யூரின் ஒழுங்காய் பாஸ் ஆகுதா?"
"செக்கைவிடச் சுகமாய்" என்றேன்.
அவர் எழுதிக்கொண்டார்.
தேத்தண்ணிக் கடை டிவியில்
ஏதோ ஒரு சட்டம் பாஸ் ஆனது,
மேசையில் தட்டினார்கள்.
என்ன சட்டம் என்று கடைக்காரனிடம் கேட்டேன்.
"கிரிக்கெட்டுக்கு மாத்தவா?" என்றான்.

ஓ.எல். கணக்கில் எனக்குப் பாஸ் இல்லை.
அதைச் சொல்லித்தான்
மகளை மேசையில் இருத்துகிறேன்.
மட்டக்கோலில் குமிழி நடுவில் நிற்கும்வரை
சுவரை நம்ப மாட்டேன்,
அது வேறு கணக்கு.

ஒரு பாஸை மட்டும்
நான் பகிடியில் சேர்ப்பதில்லை.
அது கடதாசி, ஊதா முத்திரை.
வெளியே போகிறவன் திரும்பி வருவான் என்று
உள்ளே ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும்.
அண்ணன் வைத்தான்.
பேனை எழுதவில்லை,
உதறி, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து வைத்தான்.
பத்து நாள் என்று போட்டிருந்தது.
வவுனியாவில் இறங்க இன்னொரு துண்டு,
கொழும்பில் படுக்க இன்னொரு பதிவு.
பதினோராம் நாள் காலை
மருதானையில் நான் மணல் அரித்துக்கொண்டிருந்தேன்.
அண்ணனிடம் என்ன கேட்டார்கள்,
கேட்டார்களா,
யாரும் சொல்லவில்லை.
நானும் விசாரிக்கவில்லை.
விசாரிக்கவில்லை என்பதைத்தான்
இருபத்துச் சொச்ச வருடமாய்ப்
பேர்ஸில் வைத்திருக்கிறேன்.
மடிப்பில் கிழிந்து
குக ஒரு பக்கம்
நேசன் ஒரு பக்கம்.

இன்றைக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு
படியில் நிற்கையில் போன் அதிர்ந்தது.
இடக்கையில் கல், வலக்கையில் வெளிச்சம்.
ஆரணி அனுப்பியிருக்கிறாள்.
இரண்டே சொல், நடுவில் ஒரு புள்ளி கூட இல்லை.
அப்பா பாஸ்

அவள் சும்மா என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான்,
வீட்டில் சாந்து வாளியைத் தூக்கித் தலையில் கவிழ்த்து,
அப்பா பாஸ், அப்பா பாஸ் என்று.
திருப்பிக் கேட்க விரல் போகவில்லை.
கேட்காவிட்டால்
இரண்டும் உண்மையாய் இருக்கும்
கொஞ்ச நேரத்துக்கு.

கீழே யாரோ கத்தினார்கள்,
"பாஸ்!"
என்னையா, கல்லையா தெரியாது.
கடற்பக்கம் ரயில் போனது.
என் கையில் ஒரு கல் நின்றுகொண்டிருந்தது,
கீழே ஒருவனுக்குக்
கை கனக்கத் தொடங்கியிருக்கும்.